குரலுக்கு வாய்த்த முகங்கள்

அமெரிக்காவின் விக்டர் டாக்கிங் மெஷின் நிறுவனம் 1910களில் வெளியிட்ட பத்திரிகை விளம்பரம் ஒன்று உண்டு. ஒருபுறம் இசைத்தட்டு, மறுபுறம் இத்தாலியப் பாடகர் என்ரிகோ கரூஸோ. இரண்டுமே கரூஸோதான் என்பது அதன் வாதம். மேடையில் கேட்டாலென்ன, வீட்டில் தட்டில் கேட்டாலென்ன, குரல் ஒன்றே என்று அது அடித்துச் சொல்லிற்று.

இது மிகை என்பதில் ஐயமில்லை. 1925-ல் மின்வழி ஒலிப்பதிவு வரும்வரை, பாடகர் ஒரு குழலின் வாயருகே நின்று பாட, அவர் குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. ஆழ்ந்த ஒலிகளும் மிக நுண்ணிய ஒலிகளும் அதில் பெரும்பாலும் அகப்படவில்லை. ஆயினும் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. முன்பின் அறியாத ஓர் இயந்திரத்தைக் கூடத்தில் கொண்டுவந்து வைக்க, அறிந்த முகம் ஒன்று வேண்டியிருந்தது. 1906-ல் வந்த விக்ட்ரோலாவில் குழலைப் பெட்டிக்குள் மறைத்து, அதை ஓர் அழகிய மரச்சாமானாகவே ஆக்கினார்கள். கரூஸோவின் முகம் மிச்சத்தையும் மறைத்தது. வீட்டுக்கு ஒரு விருந்தினர் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இந்தக் கதை கௌஹர் ஜானிடம் தொடங்குகிறது. 1902-ல் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் அவரைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது அவர் வழக்கம். பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டுகளாகத் திரும்பின. பாடியவர் யாரென்று அங்குள்ள பணியாளர்கள் அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது. தொழிற்சாலைக்காகச் சொல்லப்பட்ட பெயரே ஊரெங்கும் விளம்பரமாயிற்று. தீப்பெட்டிகளில்கூட அவர் படம் அச்சாயிற்று. அத்தனை புகழும் பெற்றவர் 1930-ல் மைசூரில் தனிமையில் மறைந்தார். தீப்பெட்டிப் படங்கள் போயின. தட்டில் அந்தக் குரல் இன்னும் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த விளம்பர உலகின் ஆகப்பெரிய நட்சத்திரம் மனிதரல்லர். நிப்பர் என்னும் நாய். அதன் முதல் எசமானர் மார்க் பராட் 1887-ல் காலமானார். அவர் தம்பி, ஓவியர் பிரான்சிஸ் பராட், நாயைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். நிப்பரும் 1895-ல் இறந்தது. அது குழலுக்குக் காதுகொடுக்கும் ஓவியத்தை அவர் வரைந்தது அதற்குப் பிறகுதான். 1899-ல் கிராமபோன் கம்பெனி அதை வாங்கியபோது, வரைந்திருந்த பழைய கருவியின் மேல் தன் கருவியைத் தீட்டித் தரச் சொன்னது. இல்லாத எசமானரின் குரலை இல்லாத நாய் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சித்திரந்தான், நம் வீட்டுத் தட்டுகளின் நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் சுழன்றது.

எங்கள் தாத்தா வீட்டுப் பெட்டியும் நாய் மார்க்குதான். சாவி கொடுக்கும் உரிமை தாத்தாவுக்கு மட்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்ற வேண்டும்; டப்பாவிலிருந்து ஊசி எடுத்துத் தருவது எங்கள் வேலை. அதற்காக நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல. மூடியின் உட்புறத்தில், எதிலிருந்தோ வெட்டியெடுத்த எஸ். ஜி. கிட்டப்பாவின் படத்தைப் பாட்டி ஒட்டியிருந்தார். கிட்டப்பா 1933-ல், முப்பது வயதுகூட நிரம்பாமல், மறைந்தவர். தமிழ்ப் பேசும்படம் தொடங்கி அப்போது இரண்டே ஆண்டுகள். அவர் பாடுவதைத் திரையில் காணும் பேறு நமக்கில்லை. எங்களுக்குக் கிட்டப்பா என்றால் அந்தப் படமும், மூன்று நிமிடத்தில் நின்றுவிடும் அந்தக் குரலும்தான்.

சென்ற ஆண்டு வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. பழம்பொருள் வாங்க வந்தவர் பெட்டியைத் தடவிப் பார்த்து, எதிர்பாராத விலை சொன்னார். ஓட்டல் ஒன்றின் முகப்பில் வைக்கப் போகிறார்களாம். மரப்பெட்டி நிறைய இருந்த தட்டுகளைக் காட்டினோம்.

"அதெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க சார், யாரும் கேக்கறதில்லை" என்றார்.

எங்களில் மூத்தவர் விற்றுவிடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது; எங்கள் பிள்ளைகள் யார் வீட்டிலும் அதற்கு இடமில்லை. இளையவள்தான் குறுக்கே நின்றாள். "தட்டையும் சேர்த்து எடுக்கறதா இருந்தா பெட்டியைக் குடுக்கலாம்ணா" என்றாள். வந்தவர் சிரித்துவிட்டுப் போனார்.

பாடகரைக் காட்டிப் பெட்டியை விற்ற காலம் ஒன்று. இன்று பெட்டியே நட்சத்திரம். பாடகர் அதன் காலி உறை. ஏக்கம் என்ற பெயரில் நாம் விலை கொடுத்து வாங்குவது பெரும்பாலும் மரத்தையும் பித்தளையையும்தான்.

ஸ்பிரிங்கைச் சரிசெய்து ஒருநாள் எல்லோரும் கூடிக் கேட்டோம். இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் அரக்குத் தட்டைச் சிறிதே தேய்க்கிறது. கேட்கக் கேட்கக் குரல் குறைகிறது. ஆகவே நண்பர் ஒருவரைக்கொண்டு எல்லாவற்றையும் கணினியில் பதிந்து வைத்துவிட்டு, பெட்டியை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறப்பதென முடிவு செய்தோம். எங்களுக்குப் பின் அதைத் திறப்பவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் முடிவு எட்டவில்லை.

கரூஸோ 1921-ல் காலமானார். அந்த விளம்பரம் மெய்யானது அதன் பிறகுதான் என்று தோன்றுகிறது. இரண்டில் ஒன்று போய்விட்ட பின், எஞ்சியதே கரூஸோ. கிட்டப்பாவுக்கும் அப்படித்தான். கேட்க ஒருவர் இருக்கும்வரை.