ரூப்குண்டத்து எலும்புகள்

உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், 16,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ரூப்குண்டம் என்றொரு சிற்றேரி உளது. ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்தே கிடக்கும். 1942-ஆம் ஆண்டில் அவ்வழிச் சென்ற வனத்துறை அலுவலர் ஒருவர், அதன் கரையில் மனித எலும்புகள் நூற்றுக்கணக்கிற் சிதறிக் கிடக்கக் கண்டார்.

அன்று எழுந்த ஊகங்கள் கொஞ்சமல்ல. உலகப் போர்க்காலம் ஆதலின், மலைவழியே நுழைய முயன்ற ஜப்பானியர் என்றனர் சிலர். எலும்புகள் பழையன என்று தெளிந்ததும், 1841-இல் திபெத்தின்மீது படையெடுத்த ஜோராவர் சிங்கின் வீரர் என்றனர் வேறு சிலர். துக்ளக்கின் சேனை என்றும், கொள்ளைநோய் என்றும், கூட்டத் தற்கொலை என்றும் கதைகள் பெருகின. இத்துணை அறிஞரும் அம்மலையடிவாரத்து மக்கள் பாடிவந்த பழங்கதையைச் சற்றே செவிமடுத்திருக்கலாகாதா என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

அக்கதை இதுதான். கன்னோசி மன்னன் ஒருவன் மனைவியோடும் ஆடல் மகளிரோடும் நந்தாதேவி யாத்திரை சென்றான். ஆடல்பாடல் கண்டு சினந்த தேவி இரும்பனைய கல்மழை பொழிந்து அவர்களை அழித்தாள். இதனின்று தேவியின் சினத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? யாத்திரை போன கூட்டம், ஒதுங்க மரமும் குகையும் அற்ற சரிவு, ஆலங்கட்டி மழை. நந்தாதேவி யாத்திரை வழி இன்றும் அவ்வேரியின் அருகேதான் செல்கின்றது. 2004-இல் ஆராய்ந்தோர் சில மண்டையோடுகளில் மேலிருந்து உருண்டைப் பொருள் தாக்கிய பிளவுகளைக் கண்டனர். எலும்புகளில் ஆண்களுடையனவும் பெண்களுடையனவும் இருந்தன. படையெடுப்பிற் பெண்கள் ஏது?

நம் கொல்கத்தாவில் தலைமையகம் கொண்ட இந்திய மானிடவியல் அளவைத் துறையும் இவ்வெலும்புகளை ஆராய்ந்ததுண்டு. 2019-இல் ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலிய அறிஞர் பலர், 38 பேரின் எலும்புகளை மரபணு வழியே ஆராய்ந்து வெளியிட்ட முடிவு அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. 23 பேர் இந்நாட்டவர். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவர். அவர்களும் ஒரே நாளில் மாண்டவரல்லர். 14 பேரோ கிரேத்தத் தீவு போன்ற கிழக்கு மத்தியதரைக்கடற் பகுதியினர். சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே மாண்டவர். ஒருவர் தென்கிழக்காசியர். ஆகவே ஒரே கல்மழை எல்லோரையும் கொன்றதென்பது பொருந்தாது. எளிய விளக்கம் தோற்றதெனச் சிலர் மகிழ்ந்தனர். நாம் அவ்வாறு கருதவில்லை. மாண்டவர் யார், எதற்கு வந்தனர் என்பன ஒரு வினா. எவ்வாறு மாண்டனர் என்பது வேறொரு வினா. கிரேத்தத்தவனாயினும் கன்னோசியானாயினும் குளிரும் காற்றும் மூச்சுத் திணறலும் ஒன்றே அன்றோ?

ருஷ்ய நாட்டு யூரல் மலையிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1959 பிப்ரவரியில் டியாட்லோவ் என்ற இளைஞர் தலைமையிற் சென்ற ஒன்பதின்மர், இரவிற் கூடாரத்தை உள்ளிருந்தே கிழித்து வெளியேறிக் கடும்பனியில் மாண்டனர். சிலருக்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன. இரகசிய ஆயுதம், ஏவுகணை, பனிமனிதன் என்றெல்லாம் அறுபது ஆண்டுகள் பேசினர். கூடாரம் அடிக்கச் சரிவை வெட்டியதும், காற்றுக் கொணர்ந்து குவித்த பனியும் சேர்ந்து, சில மணி நேரங்கழித்து ஒரு பனிப்பலகை சரிந்திருக்கக் கூடும் என்று 2021-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் இருவர் கணக்கிட்டுக் காட்டினர். பெற்ற பிள்ளையைப் பறித்தது ஒரு சாண் பனி என்பதை எந்தத் தாய் மனம் ஒப்பும்? பெரிய இழப்பிற்குப் பெரிய காரணம் தேடுவது மனித இயல்பு. அதனை நாம் ஏளனம் செய்யோம்.

ஆயினும் அத்தேடலால் ஒரு தீங்குண்டு. பூஜை விடுமுறை நெருங்கினால் ஹவுரா நிலையத்தில் முதுகுமூட்டையுடன் நிற்கும் இளைஞர் கூட்டத்தைக் காண்கின்றோம். வங்காளியரோடு நம்மவர் பிள்ளைகளும் இமயமலை ஏறப் புறப்படுகின்றனர். எட்டாயிரம் அடிக்கு மேல் விரைந்து ஏறுவோர்க்குத் தலைவலியும் வாந்தியும் உண்டாவது இயல்பு. அதனை உணவின் குற்றமென்றும், கண்ணேறு என்றும், உடன் வந்தவர் நகைப்பரே என்றும் எண்ணி மேலே நடந்தால், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், படுத்திருக்கும்போதும் மூச்சு வாங்கும். உயரத்தால் மூளையிலும் நுரையீரலிலும் நீர் கோத்ததன் அடையாளங்கள் இவை. உயிர் காக்கும் முதல் வழி அப்பொழுதே கீழே இறங்குதல்; விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. இறங்குகையில் ஒருவரைத் தனியே விடாது உடன் ஒருவர் வருதல் வேண்டும். புறப்படும் முன்னரே பிள்ளைகள் தமக்குள் இதனைப் பேசி வைத்துக்கொள்ளட்டும்.