வேரைப் பாத்தியா

செடிகளைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். குறிஞ்சி, காந்தள், வெட்சி என்று வகுப்பறையில் நான் உச்சரித்த பூக்களில் பாதியை நேரில் கண்டதில்லை என்பதை மாணவர்களிடம் இதுவரை ஒப்புக்கொண்டதுமில்லை. ஆகவே இதைத் தோட்டக்கலைக் குறிப்பு என்று எண்ணி வாசிக்க வேண்டாம். ஒரு தொட்டி ஆர்க்கிடை ஏறக்குறையக் கொன்றுவிட்ட ஒருத்தியின் வாக்குமூலம் என்று கொள்ளலாம்.

அந்தச் செடி அம்மாவுடையது. 2019 மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்குப் போனபோது ஒரு கடையில் வாங்கினாள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை மடியில் வைத்துக்கொண்டு, பூக்காம்பு ஆடாமல் ஒரு கையால் பிடித்தபடி சேலம் வரை இறங்கி வந்தாள். ஃபலனாப்சிஸ் என்ற இனம். 1825இல் புளூமே என்ற தாவரவியலாளர் வைத்த பெயர். அந்துப்பூச்சி போன்றது என்று பொருளாம். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரெல்லாம் இல்லை, ‘அம்மாவோட செடி’, அவ்வளவுதான். சேலத்து வெயிலில் இது ஒரு மாதம் தாங்காது என்று நான் நினைத்தேன். அம்மா அதைக் கிழக்கு ஜன்னலுக்குள், காலை வெயில் மட்டும் மெல்லிய திரை வழியே படும்படி வைத்தாள். மூன்று முறை பூத்தது.

2023 மே மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. முதலில் அசதி, பிறகு குமட்டல். கத்திரி வெயில், எழுபத்து நான்கு வயது, நீர் வற்றிப்போயிருக்கிறது என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். தண்ணீர், இளநீர், மறுபடி தண்ணீர் என்று மணிக்கொரு தம்ளர் கொடுத்தோம். மறுநாள் மாலை, “உங்கப்பா சாப்ட்டாரா?” என்று கேட்டாள். அப்பா 2016இல் இறந்துவிட்டார். அரைமணி கழித்து அதையே திரும்பவும் கேட்டாள்.

மருத்துவமனையில் இரத்தத்தில் சோடியம் 116 என்றார்கள். இயல்பாக 135க்கும் 145க்கும் இடையில் இருக்க வேண்டியது. இரத்த அழுத்தத்துக்கு அவள் சாப்பிட்ட மாத்திரையில் சிறுநீரைப் பிரிக்கும் மருந்தும் கலந்திருந்தது. உப்பு கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எங்களிடம் சொல்லாமலே உப்பை அறவே குறைத்திருக்கிறாள். எஞ்சியிருந்த கொஞ்ச உப்பை நாங்கள் ஊற்றிய தண்ணீர் மேலும் நீர்க்கச் செய்துவிட்டது. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. “நெறைய பேர் வீட்ல நடக்கறதுதான்” என்றார். சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்குக் கேடு, நாளுக்குக் கொஞ்சமாகத்தான் ஏற்ற முடியும், அதுவரை குடிநீரையும் அளந்துதான் தர வேண்டும் என்றார். ஒன்பது நாட்கள் அங்கே இருந்தோம்.

அந்த ஒன்பது நாட்களும் இரவில் வீட்டுக்கு வந்தவுடன் நான் செய்த முதல் வேலை செடிக்குத் தண்ணீர் ஊற்றியதுதான். அது ஒரு நேர்த்திக்கடன் போல ஆகிவிட்டிருந்தது. செடி பிழைத்தால் அம்மா பிழைப்பாள் என்று படித்த ஒருத்தி வெளிப்படையாக நினைக்க முடியாது. ஆனாலும் ஊற்றினேன். போதாதென்று, பிளாஸ்டிக் தொட்டி அசிங்கமாக இருக்கிறதே என்று, யாரோ பரிசளித்த பீங்கான் ஜாடிக்குள் அதை இறக்கியும் வைத்தேன். அந்த ஜாடிக்கு அடியில் துளை கிடையாது.

அம்மா வீடு திரும்பிய வாரம் இலைகள் துவண்டு, தோலில் சுருக்கம் விழத் தொடங்கியது. தாகம் என்று முடிவு செய்து இன்னும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அக்கா அரிசி கழுவிய நீரை ஊற்றச் சொன்னார்; அதையும் ஊற்றினேன். பலம் வரட்டும் என்று ஒரு சிட்டிகை உரத்தையும் கரைத்துவிட்டேன். நோயுற்ற செடிக்கு உரமிடுவது காய்ச்சல்காரருக்கு பிரியாணி போடுவதற்குச் சமம் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அடுத்த நாள் கீழ் இலையொன்று தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

ஆண்டுதோறும் குறளின் மருந்து அதிகாரத்தை நடத்துகிறவள் நான். நோய் இன்னதென்று காண்பதும் அது எதனால் வந்தது என்று காண்பதும் தனித்தனி வேலைகளாக அங்கே பிரிக்கப்பட்டிருப்பதைக் கரும்பலகையில் எண்ணிட்டுக் காட்டுவேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை இரண்டாவது வேலையைச் செய்யாமல் விட்டேன்.

அம்மா அப்போது தேறிக்கொண்டிருந்தாள் என்றாலும் பேச்சு முன்போல் இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், தானாக எதுவும் வராது. மீண்டது உடம்பு மட்டும்தானோ என்ற பயத்தை நானும் கணவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருநாள் காலை, சுவரைப் பிடித்தபடி ஜன்னலருகே வந்து நின்றாள். செடியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “வேரைப் பாத்தியா கண்ணு?” என்றாள்.

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நான் அழ ஆரம்பித்தது செடிக்காக என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். “செத்த செடிக்கு அளுவியாம். மொதல்ல அதைக் கவுத்து எடு” என்றாள்.

அவள் நாற்காலியில் அமர்ந்து சொல்லச் சொல்ல, நான் தரையில் நாளிதழை விரித்துச் செய்தேன். ஜாடியைத் தூக்கியபோது அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றது. வாடை குப்பென்று அடித்தது. மொத்தம் பதினொரு வேர்கள். ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்க்கச் சொன்னாள். உயிருள்ள வேர் விறைப்பாக இருக்கும். அழுகியதை அழுத்தினால் பழுப்பு நீர் கசியும், மேல்தோல் உறைபோலக் கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சும். மூன்று தேறின.

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறை நண்பரிடம் பின்னர் கேட்டேன். இவை மரக்கிளைகளில் வாழும் தொற்றுத் தாவரங்கள். மரத்தை உறிஞ்சிப் பிழைக்கும் புல்லுருவி அல்ல, ஒண்டி நிற்பவை. வேரைச் சுற்றி வெலாமன் என்ற பஞ்சுத் திசு இருக்கிறது. மழை பட்டவுடன் உறிஞ்சிக்கொள்ளும், அதன்பின் காற்றில் உலர வேண்டும். நீரிலேயே கிடந்தால் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் குடிக்க முடியாது, எனவே இலை சுருங்கும். நீர் கிடைக்காத செடியும் நீரில் மூழ்கிய செடியும் மேலே காட்டும் முகம் ஒன்றேதான். வேரைப் பார்க்காமல் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

வேர்களுக்கு நடுவே இன்னொன்றும் கிடைத்தது. நாற்றங்காலில் இளஞ்செடியாக இருந்தபோது வைத்த தேங்காய் நார்க் கட்டி, எலுமிச்சம்பழம் அளவு, பிழிந்தால் நீர் சொட்டியது. நான்கு ஆண்டுகளாக உள்ளேயே இருந்திருக்கிறது. அம்மாவுக்கும் அது தெரியாது. அவள் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் நனைத்ததால் அது பெரிய தீங்கு செய்யவில்லை போலும். கூந்தலில் சிக்கெடுப்பதுபோல் அதைப் பிரித்தெடுக்க முக்கால் மணிநேரம் ஆனது.

பிளேடை அடுப்புச் சுடரில் காட்டி, ஆறவைத்து, அழுகிய எட்டு வேர்களையும் வெட்டினேன். வெட்டுவாயில் பட்டைத் தூளைத் தொட்டு வைத்தோம். சமையலறைப் பட்டைதான்; பூஞ்சையைத் தடுக்கும். ஆனால் நல்ல வேரில் படக்கூடாது, உலர்த்திவிடும். ஒருநாள் முழுக்கச் செடியை வெறுமனே நிழலில் போட்டு வைத்தோம். பிறகு பக்கமெல்லாம் துளையுள்ள சிறிய மண்தொட்டியில் அடுப்புக்கரித் துண்டும் செங்கல் சில்லும் போட்டு நட்டோம். சிறிய தொட்டி என்பது முக்கியம். பெரியதானால் நடுப்பகுதி உலராது. மூன்று நாள் தண்ணீர் இல்லை. அந்த மூன்று நாளும் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

பழைய கரித்துண்டுகளின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்ததை அம்மா சுரண்டிக் காட்டினாள். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, போதாததற்கு என் உரம். அம்மா மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவாள் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு உப்புப் பற்றாக்குறை, அவள் செடிக்கு உப்பு மிகுதி. இதை அவளிடம் சொன்னபோது நெடுநாளைக்குப் பின் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதன்பின் தினமும் ஒரு பாடம் நடந்தது. வேர் வெள்ளிபோல் வெளுத்திருந்தால் ஊற்று, பச்சையாக இருந்தால் விட்டுவிடு. தொட்டியைக் கையில் தூக்கிப் பார், கனம் சொல்லும். இலைகளின் நடுக்குருத்தில் நீர் தங்கினால் துணியால் ஒற்றி எடு. குருத்து அழுகினால் பிழைப்பது அரிது. இலையிடுக்கில் பஞ்சுபோலத் தெரிந்தால் மாவுப்பூச்சி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடை. வெளிறிப்போய்க் காய்ந்த திட்டு பரவாமல் நின்றால் வெயில் சுட்டது, அதை வெட்டாதே. ஈரத் திட்டாகத் தொடங்கி நாளுக்கு நாள் பரவினால் அது தொற்று, நல்ல பகுதியோடு சேர்த்து வெட்டு. என் கல்லூரிப் பேராசிரியர்களில் ஓரிருவரைத் தவிர இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் பாடம் சொன்னதில்லை.

சுருங்கிய இலைகள் பழையபடி நிமிரவே இல்லை. அவை நிமிராது என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். ஏழு வாரம் கழித்துத் தண்டின் அடியில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. குருத்தா, வேரா என்று எங்களுக்குள் தர்க்கம். வேர்தான். நுனி பாசிமணிபோலப் பளபளத்தது.

இரண்டாவது வேர் தொட்டிக்குள் இறங்காமல் வெளியே கிளம்பி, ஜன்னல் கம்பியை நோக்கி நீண்டது. உள்ளே வளைத்துவிடலாமா என்று கேட்டேன். அம்மா தனக்கு அளந்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு மிடறு குடித்துவிட்டு, “வளைச்சா உடைஞ்சுரும். கையை எடு” என்றாள்.