கரை தெரிந்தும் இறங்க இயலாத கப்பல்

செய்யாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த எம் போன்றோருக்குக் கடல் என்பது கேள்விப்பட்ட பொருளே தவிர, கண்ட பொருளன்று. ஜவ்வாது மலையில் பிறக்கும் எங்கள் ஆறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். மழைக்காலத்தில் பெருகி ஓடினால், அந்நீர் பாலாற்றோடு கலந்து வங்கக் கடலைச் சேரும். ஊருக்கும் கடலுக்கும் உள்ள உறவு அவ்வளவே. அத்தகைய ஊரில், சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கப்பலைப் பற்றிய வாதம் இரண்டு நாட்கள் நடந்தது என்றால் வாசகர்கள் வியப்படையக் கூடும்.

ஆரணியில் பட்டுச் சேலை வணிகம் செய்யும் என் தமக்கையின் மகன் வந்திருந்தான். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் குடும்பத்தோடு சென்று வர வேண்டும் என்பது அவன் விருப்பம். “மாமா, மேல்தளத்தில் நின்று பார்த்தால் நாலாபுறமும் கடல்தான். எல்லாரும் போய் வரலாம்” என்றான். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால், எண்பது வயதைக் கடந்த என் தாயார் அவர்கள் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார்கள்.

“கரை தெரிந்தும் இறங்க விடாத கப்பலில் நான் ஏற மாட்டேன்” என்றார்கள்.

அவர்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய தந்தையார், அதாவது என் பாட்டனார், இளம் வயதில் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பல் ஏறிப் பினாங்கு சென்றவர்கள். 1926-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என ஓடிய கப்பல் அது. தொடக்கத்தில் அதன் திறந்த தளங்களில் மட்டும் 5,000 பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அனுமதி இருந்தது. பாட்டனார் வந்தவாசிக் கோரைப்பாய் ஒன்றை விரித்து, அதன் மீதே உண்டு, உறங்கி, தொழுது சென்றார்களாம். பினாங்குக் கரை கண்ணுக்குத் தெரிந்தது. ஆயினும் தளப் பயணிகள் நேரே கரை சேரவில்லை. பக்கத்திலிருந்த ஜெரஜாக் தீவில் இறக்கப்பட்டு, நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார்கள். சிங்கப்பூர் செல்வோருக்கு செயிண்ட் ஜான்ஸ் தீவு அத்தகைய இடமாக இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களுக்கு மண்டபம் முகாம்.

அறைச்சீட்டு வாங்கிய கனவான்கள் பெரும்பாலும் நேரே ஊருக்குள் செல்ல, பாய் விரித்துப் படுத்தவர்கள் மட்டுமே தீவில் இறக்கப்பட்டார்கள். பாட்டனாரின் மனத்தைச் சுட்டது காவலன்று, இந்த வேற்றுமையே என்று தாயார் கூறுவார்கள்.

ஹஜ்ஜுப் பயணமும் கொள்ளைநோயும்

கப்பலும் நோயும் சேர்ந்து பயணம் செய்த வரலாறு நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. 1865-இல் புனித மக்காவில் காலரா பரவி, ஹாஜிகளில் பல்லாயிரவர் மடிந்தனர். திரும்பிய கப்பல்கள் வழியே நோய் சூயஸை அடைந்து ஐரோப்பாவிலும் பரவியது. மறு ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பல நாடுகளின் சுகாதார மாநாடு கூடியது. பின்னர், 1882-இல் செங்கடலின் கமரான் தீவில் நோய்த்தடுப்பு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து கப்பலில் சென்ற ஹாஜிகள் ஜித்தாவைக் காணுமுன் கமரானைக் கண்டார்கள். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபோது, அடுத்த ஆண்டு ஹஜ்ஜுக் கப்பல்களே நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டமே 2020-இலும் நம் நாட்டில் பயன்பட்டது.

2020-ஆம் ஆண்டின் கப்பல்கள்

“அதெல்லாம் பழங்கதை. இன்றைய கப்பல் மிதக்கும் மாளிகை” என்றான் மருமகன். மாளிகை என்பது உண்மையே. ஆனால், அந்த மாளிகையும் சிறையானதை உலகம் கண்டது.

2020 பிப்ரவரித் தொடக்கத்தில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ என்னும் கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டது. ஹாங்காங்கில் இறங்கிச் சென்ற ஒரு பயணிக்குக் கொரோனா இருந்தது பின்னரே தெரிய வந்தது. கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேரை நோய் பற்றியது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சோதனையின்போது நோயின் அறிகுறியே இல்லை. பயணிகள் அறைகளில் அடைபட்டுக் கிடக்க, ஆயிரத்துக்கு மேற்பட்ட பணியாளர்கள் ஒரே அறையைப் பகிர்ந்து கொண்டு, அறைதோறும் உணவு கொண்டு சென்றார்கள். அக்கப்பலிலிருந்த இந்தியர் 138 பேரில் 132 பேர் பணியாளர்களே. பாட்டனார் கண்ட அதே வேற்றுமை, நூறாண்டு சென்றும் மாறாதிருந்தது.

அதே மாதத்தில் ‘வெஸ்டர்டாம்’ என்னும் கப்பலை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து இடங்கள் ஏற்க மறுத்தன. இறுதியில் கம்போடியா இடம் கொடுத்தது. நோயைக் காரணம் காட்டிக் கப்பலைத் துறைமுகத்துக்குள் விடாதிருக்கலாகாது என்பது 2005-ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார ஒழுங்குமுறைகளின் பொது விதி. அச்சம் மிகுந்த வேளையில் விதி ஏட்டளவில் நின்றது.

நம் நாட்டுக் கடலிலும் நிகழ்ச்சிகள் உண்டு. 2022 சனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற ‘கார்டிலியா’ கப்பலில் 66 பேருக்குத் தொற்று கண்டது. இரண்டாயிரம் பேரோடு அது மும்பை திரும்ப நேர்ந்தது. அதே ஆண்டு சூன் மாதம் சென்னையிலிருந்து அதன் பயணம் தொடங்கி வைக்கப்பட்டது. இதற்கு மாறாக, ‘ஜலாஷ்வா’ என்னும் கடற்படைக் கப்பல் 2020-இல் கொழும்பு, மாலத்தீவு, ஈரான் ஆகிய இடங்களில் தவித்தவர்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்து சேர்த்தது. உறவு கொண்டாடும் கரை ஒன்று இருந்தால், கப்பல் சிறையாவதில்லை.

கலீஃபா காட்டிய வழி

கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் நுழைய வேண்டாம் என்றும், தாம் இருக்கும் ஊரில் அது தோன்றினால் அதற்கு அஞ்சி வெளியேற வேண்டாம் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், அங்கு பிளேக் பரவியிருப்பதை அறிந்து ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, அவனுடைய விதியிலிருந்து அவனுடைய விதியை நோக்கியே செல்வதாகக் கலீஃபா விடையிறுத்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களோ தம் மக்களோடு தங்கி, அந்நோயிலேயே வஃபாத்தானார்கள். விலகி நிற்பதும் மார்க்கம் காட்டும் நெறியே. உள்ளே அகப்பட்டோரைக் கைவிடாதிருப்பதும் அதே நெறியின் மறுபாதி.

மூன்று கேள்விகள்

கப்பல் பயணம் ஒழிந்துவிடும் என்று 2020-இல் பலர் எண்ணினர். ‘கர்ணிகா’ என்னும் உல்லாசக் கப்பல் அவ்வாண்டின் இறுதியில் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைபடச் சென்றது. ஆயினும் பயணம் ஒழியவில்லை. மக்கள் மீண்டும் ஏறுகிறார்கள். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையேகூடக் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கியது. எனவே, கப்பல் வேண்டுமா என்பதன்று கேள்வி. அடுத்த கொள்ளைநோய் வரும்போது கப்பலில் உள்ளோர் எவ்வாறு நடத்தப்படுவர் என்பதே கேள்வி.

இதை எடுத்துரைத்தபோது, தாயார் அவர்கள் மருமகனை அழைத்து மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். நோயுற்றவரைத் தனியே வைக்க இடமும் மருத்துவரும் உண்டா? அறை துடைக்கும் பிள்ளைகளுக்கு நோய் வந்தால், எங்களுக்குக் கிடைக்கும் அதே அறையும் மருந்தும் அவர்களுக்கும் கிடைக்குமா? நடுக்கடலில் நோய் கண்டால், எங்களை ஏற்பதாக எந்தத் துறைமுகம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறது?

பயண முகவருக்கு அவை அனுப்பப்பட்டன. முதற் கேள்விக்கு உடனே விரிவான விடை வந்தது. இரண்டாவதற்குப் பொதுவாக ஏதோ சொன்னார்கள். மூன்றாவதற்கு விடையே வரவில்லை. பயணம் ஒத்தி வைக்கப்பட்டது. பிள்ளைகளின் முகம் வாடியது உண்மை. அவர்களை மாமல்லபுரம் அழைத்துச் சென்று கடலைக் காட்டினோம்.

மருமகன் இன்னும் விடைக்குக் காத்திருக்கிறான். பயணச்சீட்டு வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் இம்மூன்றையும் கேட்குமானால், விடை சொல்லும் கடமை கப்பல்காரர்களுக்கும் துறைமுகங்களுக்கும் வந்தே தீரும். அந்த விடை கிடைக்கும் நாளில், இன்ஷா அல்லாஹ், தாமும் வருவதாகத் தாயார் அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள். பாட்டனாரின் பயணத்துக்குத் துணை நின்ற அந்தக் கோரைப்பாயைப் போல் ஒன்றைக் கையோடு எடுத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்கள்.