வாட், விச், வாட்எவர்: நடுவுல நம்ம ‘னு’

இலக்கணப் பதிவுன்னதும் ஓடிடாதீங்க மக்களே. இதுல ஒரு பொண்ணோட வேலை விஷயமும் இருக்கு.

எங்க வேங்கிக்கால் வேலூர் ரோட்டுல இருக்கு. கலெக்டர் ஆபீஸ் இங்கதான். டவுனுக்குள்ள போனா கோயில், அந்தப் பக்கம் செங்கம் ரோட்டுல ரமணாசிரமம், ஊரெல்லாம் வெளிநாட்டுக்காரங்க. அதனால ஓட்டல், டிராவல்ஸ்னு எங்க வேலைக்குப் போனாலும் கொஞ்சம் இங்கிலீஷ் பேசணும்.

எங்க தெருப் பொண்ணு ஒருத்தி, டிகிரி முடிச்சவ, ஒரு விடுதியில ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ போனா. (எந்த விடுதிங்கிறது வேண்டாமே.) வேலூர் பஸ் எத்தனை மணிக்குன்னு ஒரு கெஸ்ட் கேக்கிறார், அதை மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லணும். இதுதான் டெஸ்ட். இவ, “ஹீ ஈஸ் ஆஸ்கிங் வாட் டைம் ஈஸ் தி வேலூர் பஸ்”னு சொல்லியிருக்கா. எதிர்ல இருந்தவர் அதையே இழுத்து இழுத்துச் சொல்லிக் காட்டிச் சிரிச்சாராம். வேலை போனது கூடப் பெரிசில்ல. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் இங்கிலீஷ்ல வாயே திறக்கல அவ.

அவ சொன்னதுல என்ன தப்பு? “வாட் டைம் தி வேலூர் பஸ் ஈஸ்”னு சொல்லணும். அந்த ‘ஈஸ்’ கடைசிக்குப் போகணும். அவ்வளவுதான். ஆனா அந்தத் தப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க, அங்கதான் சுவாரஸ்யம்.

தமிழ்ல ஒருத்தர் கேட்ட கேள்வியை இன்னொருத்தர்கிட்ட சொல்லணும்னா, கேள்வியைத் தொடவே மாட்டோம். “வேலூர் பஸ் எத்தனை மணிக்கு?” இது கேள்வி. இதை அப்படியே வச்சு, வால்ல ஒரு ‘னு’ ஒட்டினா முடிஞ்சுது: “எத்தனை மணிக்குன்னு கேக்கிறார்.” எழுத்துல ‘என்று’, பேச்சுல ‘னு’. கேள்வியைப் பொட்டலம் கட்டி அப்படியே கையில குடுக்கிற மாதிரி. இங்கிலீஷ்ல பொட்டலத்தைப் பிரிச்சுடுவாங்க. ஆஸ்கிங், ஒண்டரிங், டிசைடிங் மாதிரி ஒரு ‘இங்’ சொல்லுக்குப் பின்னால கேள்வி போய் உக்காந்தா, அது கேள்வி வேஷத்தைக் கலைச்சுட்டு சாதா வாக்கியமா மாறிடணும். அந்தப் பொண்ணு தமிழ் முறைப்படி பொட்டலத்தைப் பிரிக்காமக் குடுத்திருக்கா.

இதை நாம மட்டும் செய்யல. அயர்லாந்துக்காரங்க பேச்சு இங்கிலீஷ்லயும் இப்படிக் கேள்வியைக் கலைக்காமச் சொல்ற வழக்கம் உண்டு. அவங்க பழைய ஐரிஷ் மொழியோட தாக்கம்னு சொல்றாங்க. அந்த மண்ணுலேருந்துதான் ஏட்ஸ் (1923), ஷா (1925), பெக்கெட் (1969), ஹீனி (1995)னு நாலு பேர் இலக்கிய நோபல் வாங்கினாங்க. அந்த ஊர்க்காரங்களைப் பார்த்து இங்கிலீஷ் தெரியாதவங்கன்னு யாராவது சிரிப்பாங்களா?

நம்ம ஊர் உதாரணமே ஒண்ணு இருக்கு. ரமணர்கிட்ட 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கான பதில்கள்தான் ‘நான் யார்?’ புத்தகம். “நான் யார்?”, “நான் யார்னு விசாரி”, ரெண்டுலயும் ‘நான் யார்’ அசையாம இருக்கு. இங்கிலீஷ்ல தனியா நின்னா “ஹூ ஆம் ஐ”. ‘ஆஸ்கிங்’ பின்னால வந்தா “ஹூ ஐ ஆம்”. இதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு, “அப்போ நான் தமிழ்ல சரியாத்தான் யோசிச்சிருக்கேனாண்ணா?”ன்னா. ஆமாம்மா, நூத்துக்கு நூறு.

சரி, வாட்டா விச்சா? நம்மகிட்ட ‘என்ன’, ‘எந்த’ இருக்கே, அதை வச்சே பிடிச்சுடலாம். கிரிவலம் 14 கிலோமீட்டர், வழியில எட்டு லிங்கம். கூட வந்தவர் தொலைஞ்சுட்டார்னா, எந்த லிங்கத்துக்கிட்ட நிக்கிறார்னு கேப்போம். எட்டுல ஒண்ணு, அளவு தெரிஞ்ச கூட்டம். அதனால “ஆஸ்கிங் விச் லிங்கம் ஹீ ஈஸ் அட்”. வழியில ஒரு மரத்தைக் காட்டி, இது என்ன மரம்னு கேட்டா கணக்கில்லாத கூட்டம். “ஆஸ்கிங் வாட் ட்ரீ திஸ் ஈஸ்”. பல இடத்துல ரெண்டுமே செல்லும், ரொம்பப் பயப்பட வேண்டாம். இன்னொரு ஆறுதல்: அந்தப் பெயர்ச்சொல்லே வேலையைச் செய்யுதுன்னா எதையும் நகர்த்த வேண்டியதில்ல. “ஆஸ்கிங் விச் பஸ் கோஸ் டு வேலூர்”. போறது பஸ்ஸேதானே!

அடுத்தது வாட்எவர். இங்கதான் ‘னு’ நமக்கு உதவிக்கு வருது. தமிழ்ல சொல்லிப் பாருங்க. ‘னு’ ஒட்டுச்சுன்னா உள்ள ஒரு கேள்வி இருக்கு, வாட் அல்லது விச் போடுங்க. ‘னு’ ஒட்டாம ‘ஐ’யோ ‘ல’வோ ஒட்டுச்சுன்னா உள்ள இருக்கிறது கேள்வி இல்ல, பொருள். வாட்எவர் போடுங்க. “எந்த பஸ் வரும்னு கேக்கிறார்”: விச் பஸ். “வர்ற பஸ்ல ஏறிப் போறார்”: “டேக்கிங் வாட்எவர் பஸ் கம்ஸ்”. “போட்ட சாப்பாட்டைச் சாப்பிடுறார்”: “ஈட்டிங் வாட்எவர் ஃபுட் தே கிவ்”.

சில சமயம் இங்க வெறும் வாட்டும் வரும். “ஸ்பெண்டிங் வாட் மணி ஹீ ஹேட்”னா, இருந்த கொஞ்ச நஞ்ச காசையும் செலவு பண்ணிட்டிருந்தார்னு அர்த்தம். கொஞ்சம்தான், ஆனா மொத்தமும். அந்த ஏக்கம் வாட்எவர்ல வராது.

ஒரு எச்சரிக்கை. “எது கிடைக்குதோ அதை”ன்னு ஜோடி போட்டுப் பேசியே நமக்குப் பழக்கம். அந்த ‘அதை’யை இங்கிலீஷுக்கு இழுத்துட்டுப் போய் “வாட்எவர் பஸ் கம்ஸ், தட் வீ டேக்”னு சொல்லிடுவோம். அந்த ‘தட்’ வேண்டாம். வாட்எவர் உள்ளயே அதுவும் அடக்கம்.

கடைசியா உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு மூணு வாக்கியம். முதல்ல ‘னு’ ஒட்டுதான்னு பாக்கச் சொல்லுங்க, அப்புறமா இங்கிலீஷுக்குப் போகட்டும்:

1. என்ன படம் பாக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டிருக்கோம்.
2. கிடைச்ச வேலையைச் செஞ்சிட்டிருக்கான்.
3. ரெண்டுல எந்தச் சட்டை சின்னதுன்னு கேட்டுட்டிருக்கா.

முதலாவதுக்கு மட்டும் விடை: “டிசைடிங் வாட் மூவி டு வாட்ச்”. நம்ம ‘பாக்கிறது’க்கு அவங்க ‘டு வாட்ச்’. மத்த ரெண்டும் அவங்களே சொல்லிடுவாங்க, சொல்லி முடிக்கிற வரைக்கும் நாம சிரிக்காம இருந்தா போதும் :-)