நடுவில் நிற்பவரைக் கேளுங்கள்

வானொலி நிகழ்ச்சியில் ஒரு நாளைக்கு நான்கைந்து முறையாவது என் வாயில் வந்துவிடும் சொல் ‘சராசரி’. சராசரி மழை அளவு, சராசரி வீட்டு விலை, சராசரிச் சம்பளம். நேயர்களுக்கும் அது நன்றாகப் பழகிய சொல். பழகிப்போனதாலேயே யாரும் அதை நிறுத்தி விசாரிப்பதில்லை. ஊடகத் துறையில் பட்டம் படித்தபோது எங்களுக்கு அடிப்படைப் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தது. “மைக் முன்னால் பேசப் போகிறவர்களுக்குக் கணக்கு எதற்கு?” என்று வகுப்பில் ஒரே முணுமுணுப்பு. இன்று வேலையிலும் வீட்டிலும் எனக்கு அதிகம் கைகொடுப்பது அந்தப் பாடம்தான்.

அண்மையில் என் அக்கா அழைத்தார். அவர் மகள் எஸ்பிஎம் முடித்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் சேர விரும்பினாள். “எங்களிடம் படித்தவர்களின் சராசரித் தொடக்கச் சம்பளம் 4,000 வெள்ளி” என்று கல்லூரியின் கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதை வைத்து அக்கா பிடிபிடிஎன் கடன், விடுதி வாடகை, வேலை கிடைத்த பிறகு கட்ட வேண்டிய மாதத் தவணை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடித்திருந்தார். “நாலாயிரம் வரும்னா மாசம் ஐந்நூறு கட்டுறது பெரிய காரியமா தம்பி?” என்றார்.

கையேட்டில் இருப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு தாளில் ஏழு பேரின் சம்பளத்தை எழுதிப் பார்க்கச் சொன்னேன்: 2,100, 2,200, 2,300, 2,500, 2,600, 2,800, 13,500. ஏழாவது ஆள் அப்பாவின் நிறுவனத்திலேயே மேலாளராக உட்கார்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 28,000. ஏழால் வகுத்தால் சரியாக 4,000. கணக்கில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அந்த ஏழு பேரில் ஒருவர்கூட நாலாயிரத்தை ஒட்டிச் சம்பாதிக்கவில்லை. ஆறு பேர் மூவாயிரத்துக்கும் கீழே இருக்கிறார்கள்.

இனி அந்த ஏழு பேரையும் சம்பள வரிசைப்படி நிற்க வைத்து, சரியாக நடுவில் நிற்பவரைப் பாருங்கள். நான்காவது ஆள். அவருக்கு 2,500 வெள்ளி. இதுதான் நடுவெண், கல்லூரி மாணவர்கள் ‘மீடியன்’ என்று படிப்பது. ஏழாவது ஆளின் சம்பளம் 13,500-இலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தாலும் நடுவெண் அசையாது. சராசரியோ எகிறிவிடும். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பம் நம்பித் திட்டமிட வேண்டியது எந்த எண்ணை என்று அக்காவுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நாட்டின் கணக்கிலும் இதே கதைதான். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஆய்வின்படி, 2022-இல் ஒரு குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 8,479 வெள்ளி. நடுவெண் 6,338 வெள்ளி. இடையே 2,141 வெள்ளி வித்தியாசம். மேல்தட்டில் இருக்கும் சில குடும்பங்களின் பெரிய வருமானம் சராசரியை மேலே இழுத்துவிடுகிறது. அந்த ஆண்டு நாட்டில் பாதிக் குடும்பங்கள் 6,338 அல்லது அதற்கும் கீழேதான் வாழ்ந்தன. இன்னொன்றையும் கவனியுங்கள். இது குடும்ப வருமானம், தனி ஆளின் சம்பளம் அல்ல. கணவன், மனைவி, வேலைக்குப் போகும் பிள்ளை எல்லாருடைய வருமானமும் சேர்ந்தது. தன் ஒருவர் சம்பளத்தை இதோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோகும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காகச் சராசரியை ஒதுக்கிவிட வேண்டாம். கல்யாண விருந்துக்கு ஒரு தலைக்குச் சராசரியாக இவ்வளவு என்று தெரிந்தால், 300 பேருக்கு மொத்தச் செலவைச் சொல்லிவிடலாம். மொத்தம் தேவைப்படும் இடத்தில் சராசரி நல்ல துணை. தீபாவளிக்குச் சட்டை கொள்முதல் செய்யும் கடைக்காரருக்கோ சராசரியும் உதவாது, நடுவெண்ணும் உதவாது. எந்த அளவு அதிகம் விற்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். அதன் பெயர் முகடு. எந்த எண் வேண்டும் என்பதை நம் கேள்விதான் முடிவு செய்கிறது.

நடுவெண் தெரிந்தால் மட்டும் போதுமா? என் வேலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. மாலை நிகழ்ச்சிக்குப் போக எனக்கு இரண்டு பாதைகள் உண்டு. குடியிருப்புகள் வழியாகப் போகும் உள்சாலையில் ஐந்து நாள்களுக்கு ஆகும் நேரம் 43, 44, 45, 46, 47 நிமிடங்கள் என்று வையுங்கள். நெடுஞ்சாலையில் 30, 32, 35, 38 நிமிடங்கள், மழை கொட்டிய ஒரு நாளில் 90. இரண்டுக்கும் சராசரி 45 நிமிடம். நடுவெண்ணைப் பார்த்தால் 35 நிமிடத்தோடு நெடுஞ்சாலை ஜெயிக்கிறது. ஆனாலும் நான் போவது உள்சாலையில்தான். நான்கு மணிக்கு என் குரல் காற்றில் இருக்க வேண்டும். நான் வரும்வரை நான்கு மணி காத்திருக்காது.

எண்கள் எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதே இங்கே முக்கியம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு. உள்சாலைக்கு 4 நிமிடம், நெடுஞ்சாலைக்கு 60. இன்னும் நுட்பமான அளவு திட்ட விலக்கம். நான்காம் படிவத்தில் ‘சிசிஹான் பியாவாய்’ என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஒவ்வொரு நாளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கப்படுத்தி, அவற்றின் சராசரிக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உள்சாலைக்கு ஏறக்குறைய 1.4 நிமிடம், நெடுஞ்சாலைக்கு 22.7 நிமிடம். சூத்திரம் மறந்துபோனாலும் பொருளை மறக்காதீர்கள். இந்த எண் சிறியதாக இருந்தால் சராசரியை நம்பிப் புறப்படலாம். பெரியதாக இருந்தால் கையில் குடை இருக்க வேண்டும்.

கல்லூரியின் திறந்த நாளுக்கு அக்கா மகள் மூன்று கேள்விகளோடு போனாள். படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் சம்பளத்தைத் தெரிவித்தார்கள்? நடுவெண் எவ்வளவு? மிகக் குறைந்ததும் மிக அதிகமானதும் எவ்வளவு? முதல் கேள்வி ரொம்ப முக்கியம். நல்ல சம்பளம் வாங்குபவர் சந்தோஷமாகப் படிவத்தை நிரப்பி அனுப்புவார். வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் அனுப்ப மாட்டார். அவர் இல்லாமலே சராசரி தயாராகிவிடும்.

முகப்பில் இருந்த அதிகாரி விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வாரத்தில் மின்னஞ்சல் வந்தது. பதில் தந்தவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு. நடுவெண் மூவாயிரத்தை எட்டவில்லை. அவள் அந்தப் படிப்பை விட்டுவிடவில்லை. “எனக்குப் பிடிச்ச படிப்பு மாமா, அதுல மாற்றமில்ல. ஆனா விடுதி வேண்டாம். வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வர்றேன், கடனைக் குறைச்சுக்கலாம்” என்றாள். பதினெட்டு வயதுப் பெண்ணின் கையில் சரியான எண் கிடைத்தபோது, அவள் ஆசையைக் கைவிடாமல் திட்டத்தை மாற்றிக்கொண்டாள். அக்காவும் தவணையைப் புதிதாகக் கணக்குப் போட்டார், இந்த முறை 2,500-ஐ வைத்து.

கல்லூரியில் சேர்ந்து புள்ளியியலை முதல் முறையாகப் படிக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். அதைத் தேர்வோடு மூட்டைகட்டி வைத்துவிடாதீர்கள். முதலீட்டுத் திட்டம் விற்க வருபவர் “சராசரி லாபம்” என்பார். வீடு விற்பவர் “இந்த வட்டாரத்தில் சராசரி வாடகை” என்பார். அந்த நேரத்தில் வீட்டில் அம்மா அப்பா பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை பேரின் கணக்கு இது, நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு, கடைசியில் நிற்பவருக்கு எவ்வளவு என்று அவர்கள் சார்பில் நீங்கள் கேளுங்கள். கையெழுத்தை அதன் பிறகு போட்டுக்கொள்ளலாம்.