ஒன்பது ஊசிகள்

எங்கள் வீடு ஒத்தக்கடையில் இருக்கிறது. வாசலில் நின்றால் யானைமலை முழுதாகத் தெரியும். அப்பா மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். மேலூர்ப் பக்கத்துக் கிணறுகளில் கருகிப்போகும் மோட்டார்கள் பலவும் எங்கள் திண்ணைக்குத்தான் வந்து சேரும். அப்படிப்பட்டவரின் மகளுக்குக் கம்பி மாட்டத் தெரியாதா என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

சென்ற அரையாண்டு விடுமுறையில் அப்பா சீட்டுப் பணம் எடுத்தார். மேல்நிலை வகுப்பில் நான் கணினி அறிவியல் படிக்க ஆசைப்படுவது அவருக்குத் தெரியும். முழுக் கணினியாக வாங்கப் பணம் போதாது. ஆகவே மதுரையில் ஒரு கடையில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, இரண்டு பைகளில் சுமந்துகொண்டு, மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வீடு வந்தோம்.

மறுநாள் மாலைக்குள் மதர்போர்டு, பிராசஸர், ராம், பவர் சப்ளை எல்லாம் பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டன. இவற்றில் தவறு செய்வது கடினம். ஒவ்வொன்றும் தன் இடத்தில்தான் பொருந்தும். பெட்டியின் முகப்பிலிருந்து வரும் மெல்லிய கம்பிகள் மட்டுமே பாக்கி. அந்நேரம் பார்த்து, கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று வெள்ளரிப்பட்டியிலிருந்து ஆள் வந்துவிட்டார். "நான் வந்ததும் புத்தகத்தைப் பார்த்து மாட்டுவோம். அதுவரை தொடாதே, பாப்பா" என்று சொல்லிவிட்டு அப்பா கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் நான் தொட்டேன்.

தோழியரே, மதர்போர்டின் ஓரத்தில் ஒரு வரிசையில் ஐந்தும் மறு வரிசையில் நான்குமாக ஒன்பது ஊசிகள் நிற்கும். ஒன்றுக்கொன்று இடைவெளி 2.54 மில்லிமீட்டர்தான். பத்தாவது ஊசியின் இடம் காலியாக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதற்கு அதுவே அடையாளம். பவர் ஸ்விட்ச், ரீசெட் ஸ்விட்ச், பவர் விளக்கு, ஹார்ட் டிஸ்க் விளக்கு ஆகிய நான்கின் கம்பிகளையும் இதில்தான் செருக வேண்டும். ஸ்விட்ச் கம்பியைத் திருப்பிச் செருகினாலும் பாதகமில்லை. விளக்கோ எல்.இ.டி. ஆனதால் கூட்டல், கழித்தல் முனைகள் மாறினால் எரியாது. இவ்வளவும் இப்போது தெரியும். அன்று மங்கிய வெளிச்சத்தில் ஊகத்தின் பேரில் செருகி வைத்தேன்.

இரவு வந்த அப்பா, "புத்தகத்தைப் பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்துத்தான் மாட்டினேன், அப்பா."

புத்தகம் பிரிக்காத உறைக்குள் கிடந்தது.

பொத்தானை அழுத்தினோம். விசிறி அசையவில்லை. அப்பா வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தார், டெஸ்டர் வைத்துப் பார்த்தார். மின்சாரம் இருந்தது. "செத்த போர்டைத் தலையில் கட்டிவிட்டான். நாளைக்குப் போய் நாலு பேர் முன்னால் கேட்கிறேன்" என்றார். அப்பா கோபமாகப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அம்மா ஒன்றும் பேசாமல், சீட்டுக்கு இன்னும் கட்டவேண்டிய மாதங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உறக்கம் வரவில்லை. எல்லோரும் தூங்கியபின் டார்ச் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிரித்தேன். பவர் ஸ்விட்சுக்கும் ரீசெட்டுக்கும் இடம் மாற்றி மாட்டியிருந்தேன்! அன்றிரவு யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தியிருந்தால் கணினி ஓடியிருக்கும். யாருக்கும் தோன்றவில்லை. சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். ஆனால் என் தவற்றால் போர்டு கருகியிருந்தால்? அப்பா போய்க் கேட்கப்போவது கடைக்காரரை அல்லவா?

காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானில் வைத்த கை அப்படியே நின்றது. "அந்த மனுஷனை நான் என்னவெல்லாம் பேசியிருப்பேன், தெரியுமா?" என்றார். ஓர் அடி கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

பிறகு, "எங்கே, காட்டு" என்று உட்கார்ந்தார். பவர் ஸ்விட்சுக்கு உரிய இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால் போதும் என்றேன். பியூஸைப் பிடுங்காமல் எதையும் தொடாதவர் அவர். "கரண்டு இருக்கும்போதா?" என்றார்.

கணினி ஆசிரியையான எங்கள் அருட்சகோதரி வகுப்பில் விளக்கியது கைகொடுத்தது. பழைய கணினிகளில் முகப்பு ஸ்விட்ச் வரைக்கும் வீட்டு மின்சாரமே வந்ததுண்டு. 1995ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில் அப்படி இல்லை. கணினி அணைந்திருக்கும்போதும் பவர் சப்ளை 5 வோல்ட் மட்டும் போர்டுக்குத் தந்துகொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தினால் அந்த இரு ஊசிகளும் ஒரு கணம் சேரும். அதை அறிந்து போர்டு பவர் சப்ளையை எழுப்பும்.

"அட, நம்ம ஸ்டார்ட்டர் பச்சைப் பட்டன் மாதிரி!" என்றார் அப்பா. பம்ப்செட்டில் பச்சைப் பொத்தானைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தாலும் உள்ளே காயில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்த உவமை தோன்றவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

அப்பா முனையை வைத்தார். விசிறி சுழன்றது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.

கம்பிகளை நான்தான் மாற்றி மாட்டினேன். அப்பா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் ஊசியாகச் சொன்னார். ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் எரியவில்லை. திருப்பிச் செருகியதும் அதுவும் கண் சிமிட்டியது. பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்கு அன்று முதல் ரீசெட் பொத்தான்மேல் ஒரே ஆசை. நான் கட்டுரை தட்டெழுதும்போதெல்லாம் அழுத்திவிட்டு ஓடினான். இப்போது அதன்மேல் அப்பா கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருக்கிறார்.