உப்புற மண்ணும் சுருங்குற கான்கிரீட்டும்

தம்பி வீட்டுக்கு காலம் (தூண்) குழி எடுக்கறாங்க.

5 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம். 125 கன அடி. ஒண்ணேகால் யூனிட்.
இது வரைக்கும் அஞ்சாங்கிளாஸ் கணக்கு.

ஆனா மேல குவிஞ்சு கெடக்கற மண்ணு குழியை விடப் பெருசு!
இறுகிக் கெடந்தது வெட்டினதும் உப்பிடுது. மண்ணைப் பொறுத்து கால் பங்குகூட ஏறும்.
டிராக்டர்காரர் காசு கேக்கறது இந்த உப்புன அளவுக்குத்தான்.

கான்கிரீட் நேர் எதிர்.
ஜல்லி சந்துல மணல், மணல் சந்துல சிமென்ட் போய் உக்காந்துக்கும்.
100 கன அடி கான்கிரீட் வேணும்னா, காஞ்ச சரக்கு எல்லாம் சேத்து சுமார் 154 கன அடி எறக்கணும்.

ஃபுட்டிங் 4-க்கு 4, கனம் 1 அடி. எம்20 கலவை.
நான் போன்ல பெருக்கி, வகுத்து, வேர்த்து விறுவிறுத்து, 'சிமென்ட் 3.65 மூட்டை'ன்னு நிமிர்றேன்.
மேஸ்திரி குழியை எட்டிப் பாத்துட்டு, "நாலு மூட்டை எடுத்து வைங்க சார்"னு போய்ட்டாரு.
பீஇ படிச்ச கையை பாக்கெட்ல விட்டுக்கிட்டேன்.

சரி, வீடு கட்டினவங்க சொல்லுங்க.
பேஸ்மென்ட் நெரப்ப குழியில வெட்டின மண்ணையே போட்டு தண்ணி விட்டு திமிசு போட்டா போதுமா, இல்ல கிராவல்தான் அடிக்கணுமா?